இலையில் பிசுபிசுப்பு: சதைப்பற்றுச் செடிகள் தரும் எச்சரிக்கை

மாநகர அடுக்ககங்களில் இன்று ஜன்னல் விளிம்பே தோட்டமாகிவிட்டது. சிறிதளவு நீரும் சிறிய தொட்டியும் போதும் என்பதால் ஜேட், எச்செவேரியா, ஹவோர்த்தியா, கற்றாழை முதலிய சதைப்பற்றுச் செடிகளைப் பலரும் விரும்பி வளர்க்கின்றனர். இவற்றின் இலைகளைத் தொடும்போது சில வேளைகளில் சர்க்கரைப் பாகு தெறித்ததுபோல் விரல் ஒட்டும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறந்துவிடுவது எளிது. ஆனால் பிசுபிசுப்பு நோயன்று, நோயின் அடையாளம். காரணத்தைக் களையாதவரை அது மீண்டும் மீண்டும் தோன்றும்.

பாகு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் இது சாறு உறிஞ்சும் பூச்சிகளின் கழிவு. மாவுப்பூச்சி, மென்செதில் பூச்சி, அசுவினி ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி. பூச்சியின் வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரஜன் சத்தோ குறைவு. எனவே பூச்சி அளவுக்கு மிஞ்சிக் குடித்து, உபரிச் சர்க்கரை நீரை வெளியேற்றுகிறது. அது கீழே உள்ள இலைகளின்மேல் சொட்டிப் படிகிறது. நாளடைவில் அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, இலைக்கு வரும் ஒளியை மறைக்கிறது. இனிப்பை நாடி எறும்புகளும் வருகின்றன. பூச்சிகளை அவற்றின் எதிரிகளிடமிருந்து காக்கவும் செய்கின்றன.

இவ்வளவு சிறிய உயிரால் என்ன கேடு விளையும் என்று எண்ண வேண்டாம். 1795ஆம் ஆண்டில், உயர்ந்த செஞ்சாயம் தரும் பூச்சி என்று தவறாகக் கருதி, பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு ஒரு கொச்சினீல் பூச்சி கொண்டுவரப்பட்டது. மாவுப்பூச்சிக்கு உறவான அது, காடாக மண்டியிருந்த சப்பாத்திக்கள்ளி வகை ஒன்றை அழித்தது. 1926இல் அதே இனத்தின் மற்றொரு பூச்சி இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்டு, தென்னிந்தியாவில் வேறொரு கள்ளி வகையைக் கட்டுப்படுத்தியது. வயல்வெளிக் கள்ளிக்கே அந்நிலை என்றால், தொட்டிச் செடி எம்மாத்திரம்?

கண்டறியும் முறை

பிசுபிசுப்பான இலையை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு மேலுள்ள இலையின் அடிப்புறத்தையும் இலை தண்டோடு சேரும் இடுக்கையும் உற்றுநோக்க வேண்டும். பஞ்சுத் துணுக்குகள் போலிருந்தால் மாவுப்பூச்சி. தண்டில் பழுப்பு நிறப் புடைப்புகள் இருந்து, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. பூந்தண்டின் நுனியில் கூட்டமாக மொய்ப்பது அசுவினி. எச்செவேரியாவின் இலைமேல் சாம்பல் பூத்தாற்போல் சீராகப் பரவியிருப்பது இயல்பான மெழுகுப் படலம். அதனைப் பூச்சியென மயங்கக் கூடாது.

பூச்சி தென்படாவிட்டால், இலையைத் துடைத்து, தொட்டியின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து இரண்டு மூன்று நாள் கவனிக்கலாம். காயம்பட்ட இடத்தில் மட்டும் கசிவு இருந்தால் அது செடியின் சாறு. இலை கொழகொழவென்று குழைந்து நீர் வடிந்தால் மிகுநீரால் வந்த அழுகல். இலைகளில் ஒன்றும் இல்லாமல் செடி மட்டும் நலிந்தால் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்க்க வேண்டும். வேரிலும் மாவுப்பூச்சி வாழும்.

மருத்துவம்

முதலில் அச்செடியை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு சுற்றிய குச்சியை நனைத்து, பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு அகற்றலாம். இது எளிதில் தீப்பற்றும், அடுப்பருகே கூடாது. பூச்சி மிகுதியாயின் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி மென்மையான திரவ சோப்பும் கலந்து, வெயில் தணிந்த பின் தெளிக்கலாம். எண்ணெயும் சோப்பும் மெழுகுப் படலத்தைக் கெடுக்கக்கூடும்; ஜேட் போன்றவை இவற்றைத் தாங்காமலும் போகலாம். ஆகவே ஓர் இலையில் தடவி, இரண்டு நாள் பார்த்த பின்னரே முழுச் செடிக்கும் பயன்படுத்துக.

ஒரே முறையோடு நிறுத்துவதுதான் பலருக்கும் தோல்வியைத் தருகிறது. ஒரு பெண் மாவுப்பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பஞ்சுப் பையில் இடுகிறது. அவை பின்னர் பொரிக்கும். எனவே வாரம் ஒரு முறையென நான்கு வாரங்கள் தொடர வேண்டும். தவணைத் தேதியைப் போல நாட்காட்டியில் குறித்து வைப்பது நலம்.

வேர் தாக்கப்பட்டிருந்தால் பழைய மண்ணை முழுவதும் நீக்கி, வேரைக் கழுவி, நிழலில் சில நாள் உலர்த்திப் புதிய மண்கலவையில் நட வேண்டும். வயலுக்குரிய கடும் நச்சு மருந்துகளை, குழந்தைகள் உறங்கும் வீட்டுக்குள் ஒருபோதும் தெளிக்கலாகாது.

வருமுன் காத்தல்

புதிதாக வாங்கிய செடியை மூன்று வாரம் தனியே வைத்துக் கவனித்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். உரம் மிகுந்தால் இலைகள் இளசாகிப் பூச்சியை ஈர்க்கும், அளவோடு இடுக. தொட்டியில் எறும்பு வரிசை கண்டால் அன்றே இலைகளைப் புரட்டிப் பாருங்கள். செடி காப்பாற்ற முடியாத நிலையை எட்டிவிட்டாலும், பூச்சியில்லாத ஓர் இலையையோ கிளை நுனியையோ எடுத்து வேறிடத்தில் பதியம் வையுங்கள். ஜேட், எச்செவேரியா போன்றவை ஓர் இலையிலிருந்தே மீண்டும் தழைக்கக்கூடியவை.