தராசு வீடு

கொல்கத்தாவின் பழைய சந்துகளில் வீட்டு எண்ணை மட்டும் நம்பி ஒருவரைத் தேடிப் போனால் கால் வலிதான் மிஞ்சும். 27 இருக்கும், பக்கத்தில் 27/1 இருக்கும், 27/1பி கூட இருக்கும். (சென்னையில் ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டை வைத்துக்கொண்டு திண்டாடும் நாம் சிரிக்கக் கூடாது!) அந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டு எண் புதிர் ஒன்றைத் தன் நண்பரிடம் கொண்டுபோன கதையைச் சொல்கிறேன். நல்லவேளையாக, புதிரில் வரும் தெருவில் எண்கள் 1, 2, 3 என்று ஒழுங்காகவே போகும்.

அவர் பெயர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். 1893-இல் கொல்கத்தாவில் பிறந்தவர். அங்கே பிரசிடென்சி கல்லூரியில் படித்துவிட்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1914-இல் கும்பகோணத்துப் பிள்ளை ராமானுஜனும் அங்கே வந்து சேர்ந்தார். இருவரும் நண்பர்களானார்கள்.

இரவில் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறேன் என்றார் ராமானுஜன். மகலனோபிஸ் போய்க் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன, மெத்தையோடு மெத்தையாக விரித்து ஓரத்தில் செருகியபடி! ராமானுஜன் அவற்றின் மேலே படுத்திருந்திருக்கிறார். கம்பளியை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்று மகலனோபிஸ் செய்து காட்டினார். கணக்கில் புலியாக இருந்தால் என்ன, பழகாத ஊரின் படுக்கையை யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்?

அந்த டிசம்பரில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ‘ஸ்ட்ராண்ட்’ என்ற லண்டன் பத்திரிகையில் ஒரு புதிர் வந்தது. பெல்ஜியத்தில் ஒரு நீளமான தெரு. நண்பரின் வீடு இருக்கும் வரிசையில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண்கள். அவர் வீட்டுக்கு ஒரு பக்கம் உள்ள எண்களை எல்லாம் கூட்டினாலும், மறுபக்கம் உள்ளவற்றைக் கூட்டினாலும் ஒரே விடைதான். அந்த வரிசையில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். நண்பரின் வீட்டு எண் என்ன?

முதலில் சின்னத் தெருவில் பார்ப்போம். எட்டு வீடுகள். ஆறாம் வீட்டில் நில்லுங்கள். இடப்பக்கம் 1+2+3+4+5, மொத்தம் 15. வலப்பக்கம் 7+8, அதுவும் 15. ஆறு நட்ட நடுவில் இல்லை, ஆனாலும் தராசு முள் மாதிரி நிற்கிறது. அதனால் இதற்குத் ‘தராசு வீடு’ என்று நானே பெயர் வைத்துவிட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1 முதல் 8 வரை கூட்டினால் 36. அதாவது 6×6. தராசு வீட்டின் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் தெருவின் மொத்தக் கூட்டுத்தொகை வந்துவிடும். எந்தத் தராசு வீட்டுக்கும் இது பொருந்தும்.

மகலனோபிஸ் ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்து, சரிவராவிட்டால் இன்னொன்றைப் போட்டு, சில நிமிடங்களில் விடையைப் பிடித்துவிட்டார். 288 வீடுகள், நண்பருடையது 204. பத்திரிகையோடு ராமானுஜனின் அறைக்குப் போனார். அவர் அடுப்பில் காய் வதக்கிக்கொண்டிருந்தார். புதிரைப் படித்துக் காட்டியதும், கரண்டியை வைக்காமலே, எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார் ராமானுஜன். அதில் 204 இருந்தது. அது மட்டுமா? 50, 500 என்ற வேலியை எடுத்துவிட்டால் கிடைக்கும் எல்லாத் தராசு வீடுகளும் வரிசையாக இருந்தன! எப்படி என்று கேட்டார் நண்பர். கேட்டதுமே விடை தொடர் பின்னம்தான் என்று தெரிந்தது, எந்தப் பின்னம் என்று யோசித்தேன், அதுவும் வந்தது என்றாராம்.

தொடர் பின்னம் என்றால் பின்னத்துக்குக் கீழே ஒரு பின்னம், அதற்கும் கீழே இன்னொன்று என்று மாடிப்படி போல இறங்கிக்கொண்டே போவது. ஒரு பென்சில் எடுங்கள். 6-இலிருந்து 1/6-ஐக் கழியுங்கள், 35/6. இதைத் தலைகீழாக்கி 6/35 என்று எழுதி, மறுபடி 6-இலிருந்து கழியுங்கள், 204/35. பார்த்தீர்களா, 204 தானாக வந்து நிற்கிறது! 35-உம் தராசு வீடுதான், 49 வீடுள்ள தெருவில். ஆனால் ஐம்பதுக்கு ஒன்று குறைகிறது. புதிர் போட்டவர் 50-க்கு மேல் என்று வேலி போட்டது இதற்காகத்தான் போலும். ஒவ்வொரு முறையும் ஏன் 6 என்கிறீர்களா? அதற்குக் கொஞ்சம் இயற்கணிதம் வேண்டும். உங்கள் கணக்கு டீச்சரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போட்டுப் பார்த்து விடை தேடிய மகலனோபிஸைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். ஊர் திரும்பிய அவர், 1931-இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். வங்காளம் முழுக்கச் சணல் வயல்கள். எவ்வளவு நிலத்தில் சணல் என்று அறிய ஒவ்வொரு வயலாக அளந்தால் செலவும் நாளும் கட்டுப்படியாகாது. குலுக்கல் முறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு துண்டு நிலங்களை மட்டும் அளந்து, அதை வைத்து மொத்தத்தையும், அந்த மதிப்பு எவ்வளவு பிசகலாம் என்பதையும் கணக்கிட்டார். பாட்டி ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துப் பானைச் சோற்றை இறக்குகிறாரே, அந்த வேலைதான். ஆனால் எத்தனை பருக்கை, எந்தெந்த மூலையிலிருந்து என்பதில்தான் கணக்கே இருக்கிறது. அவர் பிறந்த ஜூன் 29-ஐ நாம் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

பென்சிலைக் கீழே வைத்துவிடாதீர்கள். 204-க்கு அடுத்த தராசு வீடு 1681 வீடுகள் உள்ள தெருவில் இருக்கிறது. 35/204-ஐ 6-இலிருந்து கழித்துப் பாருங்கள், கதவைத் தட்டிவிடலாம்.