மேசைமேல் இருந்த தட்டுகள் ஏன் பறந்தன?

"சார், எம்மவன் வாங்கியாந்த பொட்டிக்குள்ள பேய் பூந்துருச்சு போலிருக்கு. ஒரு தடவ வந்து பாருங்க."

பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய பெயரைச் சொன்னால்தான் நம்மில் பலருக்கு இன்னும் இடம் புரிகிறது. என்னிடம் ஆறு வருடம் படித்த பையனின் தாயார்தான் இப்படி வந்து நின்றார். பையனுக்கு இப்போது பதினெட்டு வயது. விடுமுறையில் பெட்ரோல் ஸ்டேசனில் வேலை செய்து சேர்த்த 450 வெள்ளியில், தன் பழைய கணினிக்கு ஒரு கிராபிக்ஸ் அட்டையும் புதிய திரையும் வாங்கியிருக்கிறான். இரண்டும் யாரோ பாவித்து விட்டவை. அவற்றை மாட்டிய அன்று முதல் விளையாட்டுக்குள் தட்டுமுட்டுச் சாமான்கள் தாமாகவே எழுந்து பறக்கின்றனவாம்.

பேய் என்றால் கோயில் பூசாரியிடம் போகலாம். வாத்தியாரிடம் வந்ததற்குக் காரணம் வேறு. அட்டை பழுது என்று பையன் முடிவு கட்டிவிட்டான். 1200 வெள்ளிக்கு வேறோர் அட்டை பார்த்து வைத்திருக்கிறான். தாயாரின் ஒரு ஜோடி வளையலை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. 2025 முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1700 வெள்ளி. குலை வெட்டுகிறவர் வீட்டில் 1200 என்பது எவ்வளவு பெரிய தொகை என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலையே போனேன். கணினி வித்தையில் நான் பண்டிதன் அல்ல; ஆனால் வளையல் விஷயமாயிற்றே!

பையன் விளையாடுவது ஸ்கைரிம். அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11-ஆம் தேதி வெளியிட்டது. 2016-இல் புதுப்பித்த பதிப்பும் வந்தது. இத்தனை ஆண்டுகளாகியும் அது உயிரோடு இருப்பதற்கு மோட் என்பவைதான் முக்கியக் காரணம். விளையாடுகிறவர்களே செய்து இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் சேர்க்கைகள் அவை. புது மரம், புது மழை, காற்றில் ஆடும் தலைமயிர், அசையும் துணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட். பையனிடம் நூற்றைம்பதுக்கு மேல் இருந்தன. நாலு பேர் உட்காரும் காரில் நாற்பது பேரை ஏற்றியது போல!

"ஓட்டிக் காட்டு, தம்பி" என்றேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்தான். நுழைந்த மாத்திரத்தில் மேசைமேல் இருந்த தட்டும் கோப்பையும் துள்ளி எழுந்து மூலைக்கொன்றாகச் சிதறின. தாயார் "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையின் மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. 130, 138, 141. என் கண் அதில்தான் நின்றது.

நம் சிறு வயதில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் அசைவு என்று ஒன்றும் இல்லை. வினாடிக்கு 24 நிழற்படங்கள் மாறுகின்றன, அதை நம் கண் அசைவாக எடுத்துக்கொள்கிறது. பேசாப்பட காலத்தில் காமிராவைக் கையால் சுற்றி, பெரும்பாலும் இதைவிடக் குறைந்த வேகத்தில் எடுத்தார்கள். அவற்றைப் பிற்காலத்தில் 24 வேகத்தில் ஓட்டியபோது ஆட்களெல்லாம் தத்தித் தத்தி ஓடினார்கள். பழைய சாப்ளின் படங்களில் அந்த ஓட்டத்தைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். கணினி விளையாட்டிலும் இதே சங்கதிதான். வினாடிக்கு எத்தனை படம் என்பதையே ஃபிரேம் ரேட் என்கிறார்கள். பையன் திரையின் மூலையில் ஓடிய எண் அதுதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சினிமாவில் படங்கள் முன்பே எடுத்து முடிந்தவை. விளையாட்டிலோ ஒவ்வொரு படமும் அந்த நொடியில் வரையப்படுகிறது. வரைவதற்கு முன், தட்டு எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் விழுகிறது, மேசையில் பட்டால் எவ்வளவு எழும்பும் என்று கணக்கும் போட வேண்டும். இதுதான் பௌதிகக் கணக்கு. ஆக உள்ளே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கணக்குப் போடும் கிராணி. மற்றவர் படம் வரைகிற ஓவியர். இருவர் கைக்கடிகாரமும் ஒத்துப்போனால் குடும்பம் நடக்கும்.

ஸ்கைரிமில் கிராணி வேலையைச் செய்வது ஹாவோக் என்னும் மென்பொருள். 1998-இல் அயர்லாந்தின் டப்லின் நகரில் தோன்றிய நிறுவனத்துடையது. இந்த விளையாட்டில் அதன் கணக்கை வினாடிக்கு 60 படம் என்ற அளவுக்குப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். 2011-இல் பெரும்பாலான திரைகள் 60-க்கு மேல் காட்டாது. ஆகவே அது போதும் என்று நினைத்திருக்கலாம். பின்னால் 144 காட்டும் திரைகள் மலிந்தன. ஓவியர் 144 படம் வரைய, கிராணி ஒவ்வொரு படத்துக்கும் வினாடியில் அறுபதில் ஒரு பங்கு கழிந்தது என்று எழுதினால் என்ன ஆகும்? 144-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.4. ஒரு வினாடிக்குள் இரண்டே கால் வினாடிக்கு மேலான சங்கதி நடந்துவிட்டதாகக் கணக்கு ஏறிவிடும். உள்ளே நடப்பது இதைவிடச் சிக்கலானது; கோளாறின் வேர் இதுதான். தட்டு துள்ளாமல் என்ன செய்யும்? ஆட்டத்தின் தொடக்கத்தில் கைதிகளைக் குதிரை வண்டியில் ஏற்றிவரும் காட்சி ஒன்று உண்டு. 60-ஐத் தாண்டினால் அந்த வண்டியே குதித்துக் கவிழ்ந்து கூத்தடிப்பது உலகமெங்கும் பார்த்துச் சிரித்த விஷயம்.

ஸ்கைரிமை மட்டும் குறை சொல்ல முடியாது. 2014-இல் வந்த டார்க் சோல்ஸ் 2 விளையாட்டில், 60 படம் ஓடும் கணினியில் வாள்கள் 30 படம் ஓடும் பெட்டியைவிட இரண்டு மடங்கு வேகமாகத் தேய்ந்தன. மறு ஆண்டுதான் திருத்தினார்கள். இதனால் நன்மை விளைந்த கதையும் உண்டு. 1978-இல் ஜப்பானியர் தோமோஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில், எதிரிகள் சாகச் சாக மிஞ்சியவர்கள் வேகமாக ஓடுவார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரத்தின் பாரம் குறைந்தது, அவ்வளவுதான். அதுவே ஆட்டத்துக்குச் சுவையாகிவிட்டது.

பையனிடம் கேட்டேன். "முன்னே எத்தனை படம் ஓடுச்சு?"

"நாப்பது சார். சில நேரம் முப்பத்தஞ்சு."

"தட்டு பறந்துச்சா?"

"இல்ல சார்."

"புதுசு மாட்டினப்ப 60-ங்கிற பூட்டை யார் எடுத்தது?"

தலையைச் சொறிந்தான். வேகம் வேண்டுமென்று அவனேதான் எடுத்துவிட்டிருக்கிறான். அட்டை பழுதே இல்லை. நன்றாக வேலை செய்ததுதான் குற்றம்! கிராபிக்ஸ் அட்டையின் அமைப்பில் 60 என்று வரம்பு போட்டோம். காசு செலவில்லை, ஐந்து நிமிட வேலை. தாயார் வளையலை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டதை நான் கவனிக்காதது போல் இருந்தேன்.

60-க்கு மேல் போக வழியே இல்லையா என்றால், உண்டு. விளையாட்டின் அமைப்புக் கோப்பில் 0.0166 என்று ஓர் எண் இருக்கிறது. 1-ஐ 60-ஆல் வகுத்தால் வருவது. அதை 0.0083 என்று மாற்றினால் 120-க்குப் பொருந்தும். ஐந்தாம் ஆண்டு மாணவன் போடும் கணக்குதான். ஆனால் 120 என்று எழுதிவிட்டு, மோட் பாரத்தால் சந்தையில் 50, காட்டில் 120 என்று ஏறி இறங்கினால் மறுபடியும் வம்பு. படத்துக்குப் படம் அந்த எண்ணைத் தானே திருத்திக்கொள்ளும் சேர்க்கையையும் ரசிகர்கள் செய்திருக்கிறார்கள். என் யோசனை, நூற்றைம்பது மோட் வைத்திருப்பவர் 60-ஐ நிலையாகப் பிடித்தால் போதும். கம்போங் குவாந்தானில் பெரம்பாங் மரத்து மின்மினிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கு அழகு அவை சேர்ந்து மின்னிச் சேர்ந்து அணைவதில்தான்.

இதற்குள் பையனின் தம்பி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "சார், என் பஸ்ஸு ரோட்டுக்குள்ள விழுது!" அவன் விளையாட்டு பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா. 2017-இல் அந்நாட்டின் மாலியோ நிறுவனம் வெளியிட்டது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளைஞர்கள் தங்கள் ஊர் பேருந்துகளை அதற்கு மோட்டாகச் செய்து தள்ளுகிறார்கள். நம் நாட்டு விரைவுப் பேருந்துகளும் கிடைக்கின்றன. இவன் போட்டிருந்தது, சீட்டுத் துணியின் தையல்கூடத் தெரியும் அளவுக்கு நுணுக்கமான பேருந்து. கைப்பேசி அடுப்புக் கல் மாதிரி சுட்டது.

இங்கே நோய் எதிர்ப்பக்கம். படம் மெதுவாக வருகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் ஓடும் பேருந்து வினாடிக்கு 25 மீட்டர் போகும். வினாடிக்கு 50 தடவை கணக்குப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் அரை மீட்டர் நகர்ந்திருக்கும். சுவரோ தரையோ குறுக்கிட்டால் பிடிபட்டுவிடும். பத்து தடவைதான் பார்த்தால் ஒரே தாவலில் இரண்டரை மீட்டர். மெல்லிய சுவர் இரண்டு கணக்குக்கும் நடுவில் கண்ணில் படாமலே போய்விடும்.

சரி, படம் தாமதமானாலும் கணக்கை மட்டும் விடாமல் 50 தடவை போடட்டும் என்று ஒரு முறை உண்டு. கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றைச் செய்யப் பயன்படும் யூனிட்டி என்னும் கருவியில் வழக்கமான அளவு இந்த 50-தான். நல்ல முறைதான், ஆனால் மளிகைக் கடைக் கடன் போல ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு படம் வரையத் தாமதமானால் ஐந்து கணக்கு பாக்கி நிற்கும். அதைச் சேர்த்துப் போடுவதால் அடுத்த படம் இன்னும் தாமதமாகும். அப்போது பத்து பாக்கி. கடன்மேல் கடன் ஏறி விளையாட்டு மூச்சடைத்து நின்றுவிடும். இதற்கு மரணச் சுழல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கிளென் ஃபீட்லர் என்பவர் 2004-இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். விளையாட்டு செய்கிறவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். தப்பிக்கும் வழி, ஓர் அளவுக்குமேல் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடுவது. அப்போது பேருந்து நீருக்குள் ஓடுவது போல மெதுவாக ஊரும், நிற்காது.

தம்பிக்கு அந்தக் கனமான பேருந்தை எடுத்துவிட்டு எளிமையான ஒன்றைப் போடச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. தையல் தெரியாதாம்.

அண்ணன் பக்கம் முழுசாகச் சரியாகிவிடவில்லை. அவன் ஆறு மாதமாகச் சேமித்த ஆட்டத்தில், முன்பே சிதறிய சாமான்கள் சிதறியபடியே பதிவாகியிருந்தன. வரம்பு போட்டால் இனிமேல் பறக்காது. பறந்து விழுந்தது பழைய இடத்துக்குத் தானாகத் திரும்பாது. அதோடு, ஆட்டத்தின் நடுவில் சில மோட்களைப் பிடுங்கியும் பார்த்திருக்கிறான். வைத்திருந்து எடுப்பது போடாமல் இருப்பதைவிட மோசம்; பதிவு அழுகிவிடும். புதிதாகத் தொடங்குவதே நல்லது என்றதும் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. விளையாட்டுதானே என்று நாம் சொல்லலாம். ஆறு மாத இரவுகள் அவனுடையவை.

பிறகு உட்கார்ந்து பட்டியல் போட்டோம். மயிரும் துணியும் ஆடவைக்கும் மோட் நாயகனுக்கு மட்டும். ஊர்க் கூட்டத்துக்கு வேண்டாம், ஒவ்வொரு தலைக்கும் கிராணி தனிக் கணக்குப் போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மோட் சேர்ப்பது. சேர்த்தபின் சந்தை, காடு, வீடு மூன்று இடத்திலும் நடந்து எண்ணைப் பார்ப்பது. பார்த்ததை எழுதி வைப்பது. பழைய பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தின் மிச்சப் பக்கங்களில் கோடு போட்டுக் கொடுத்தேன். நூற்றைம்பது அறுபதாகக் குறைந்தது.

இரவு எட்டு மணிக்குத் தகப்பனார் குளித்துவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புது ஆட்டம் தொடங்கியது. மூலையில் 60, 60, 59, 60. குதிரை வண்டி மலைப்பாதையில் ஆடாமல் அசையாமல் இறங்கிக் கோட்டை வாசலில் போய் நின்றது. பையன் மூச்சு விட்டான். தகப்பனார் என்னைப் பார்த்தார்.

"வண்டி நேரா போவுது. இதுக்கா சார் 450 வெள்ளி?"