உங்களுக்குத் தெரியுமா? பாலத்தடியே முகவரியான கதை

பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் பெயர், படம், முகவரியை ஊரறிய வெளியிடுவதற்கு அமெரிக்காவில் ‘மேகன் சட்டம்’ என்று பெயர். 1994-ல் நியூ ஜெர்சியில் மேகன் என்ற 7 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். கொன்ற எதிர்வீட்டுக்காரன் பழைய குற்றவாளி என்பது அவள் பெற்றோருக்குத் தெரியாது. மூன்றே மாதத்தில் மாநிலச் சட்டம். 1996-ல் நாடு முழுவதற்கும்.

பலன்? 2008-ல் அதே நியூ ஜெர்சியில் நடந்த ஆய்வில், இச்சட்டத்தால் மறுகுற்றங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. நியூயார்க்கிலோ, இக்குற்றங்களுக்காகக் கைதானவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் இதற்குமுன் இத்தகைய குற்றத்தில் தண்டனை பெறாதவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருந்திருக்கும்? போலீஸ் கையில் மட்டும் இருக்கும் பதிவேடு ஓரளவு உதவுகிறது, ஊருக்கு அறிவிப்பதுதான் எதிர்விளைவு தரக்கூடும் என்கிறது 2011-ல் வந்த ஓர் ஆய்வு. பெயர் ஊரறிய வெளியானதால் வேலையும் வீடும் கிடைக்காதவன் எதற்குப் பயப்படப்போகிறான்?

மயாமியில் கூத்து இன்னும் பெரிது. பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களில் பலர் பள்ளிக்கு 2,500 அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்று 2005-ல் விதி வந்தது. அடர்ந்த நகரில் அப்படி இடம் ஏது? ஜூலியா டட்டில் பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டார்கள். ஒருவரின் ஓட்டுநர் உரிமத்தில் அந்தப் பாலமே முகவரி! 2010-ல்தான் அந்த இடம் காலியானது. மின்னசோட்டாவில் மறுகுற்றம் புரிந்த 224 பேரின் வழக்குகளை அலசியபோது, இத்தகைய தூர விதியால் ஒன்றைக்கூடத் தடுத்திருக்க முடியாது என்று தெரிந்தது.

இந்தியா 2018-ல் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டைக் காவல்துறை போன்ற விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம்.