ஆயுர்வேத நூல்களில் குஷ்டமும் சொரியாசிஸ் நோய் மேலாண்மையும்

ஆய்வுச் சுருக்கம்

நாள்பட்ட தோல்நோயான சொரியாசிஸை ஆயுர்வேதம் குஷ்டம் என்னும் பெருவகையுள் அடக்கி நோக்குகிறது. சரக சம்ஹிதையும் அஷ்டாங்க ஹிருதயமும் வகுக்கும் சிகிச்சை நெறியையும், குஷ்டம் என்னும் சொல் தமிழ் வழக்கில் கொண்ட பொருளால் எழும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆயுர்வேதம், குஷ்டம், சொரியாசிஸ், சோதனம், கலைச்சொல்.

முன்னுரை

சொரியாசிஸ் தொற்றுநோய் அன்று. நோயெதிர்ப்பு மண்டலப் பிறழ்ச்சியால் மேல்தோலின் உயிரணுக்கள் மிகு விரைவாகப் பெருகிச் செதில்களாகப் படிவதே இதன் இயல்பு. இது தணிந்தும் மீண்டும் எழுந்தும் பல்லாண்டு நீடிக்கும். ஆதலின் ‘குணப்படுத்தல்’ என்பதினும் ‘மேலாண்மை’ என்பதே இதற்குப் பொருந்தும்.

பெயரும் பொருளும்

சரக சம்ஹிதை, சிகிச்சா ஸ்தானத்தின் 7ஆம் அத்தியாயத்தில் குஷ்டத்தை 18 வகைகளாகப் பகுக்கிறது. அவற்றுள் 7 மகாகுஷ்டம்; 11 க்ஷுத்ரகுஷ்டம். வியர்வையின்றிப் பரந்த இடத்தில் மீன்செதில் போலத் தோன்றுவது ஏககுஷ்டம். கருத்து, தழும்பு போலச் சொரசொரப்பாக இருப்பது கிடிபம். க்ஷுத்ரகுஷ்டத்தைச் சார்ந்த இவ்விரண்டுடனும் சொரியாசிஸ் இன்று பெரிதும் ஒப்பிடப்படுகிறது. இவ்வொப்பீடு புற அறிகுறிகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது.

வடமொழியில் தோல்நோய்த் தொகுதியைச் சுட்டும் இச்சொல், தமிழ் வழக்கில் தொழுநோயையே குறிக்கிறது. சொரியாசிஸ் உற்றவரிடம் ‘குஷ்டம்’ எனக் கூறின், அவர் தம்மைத் தொழுநோயாளியாகக் கருத நேரும். குடும்பமும் அவரை ஒதுக்கக்கூடும். சித்த மருத்துவர் வழங்கும் ‘காளாஞ்சகப்படை’ என்னும் பெயர் இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கிறது.

சிகிச்சை நெறி

குஷ்டம் அனைத்திலும் மூன்று தோஷங்களும் கெடுகின்றன என்பது சரகரின் கொள்கை. எனினும் மிகுந்து நிற்கும் தோஷமே சிகிச்சையின் தொடக்கத்தைத் தீர்மானிக்கும். வாதம் மிகின் நெய் அருந்துதலும், கபம் மிகின் வமனமும், பித்தம் மிகின் விரேசனமும் குருதி நீக்கலும் முதலில் விதிக்கப்படுகின்றன. பாலும் மீனும் போன்ற முரண் உணவுகளை விலக்குதலும் இதனோடு இணையும்.

வமனம் 15 நாளுக்கு ஒருமுறை, விரேசனம் மாதந்தோறும், நசியம் 3 நாளுக்கு ஒருமுறை, குருதி நீக்கல் 6 மாதத்திற்கு ஒருமுறை என அஷ்டாங்க ஹிருதயம் கால அளவு வகுக்கிறது. நோய் மீண்டும் எழும் என்னும் தெளிவை இவ்வட்டணை காட்டுகிறது. சோதனம் அளவிறந்தால் வாயு மிகுந்து, வலுவிழந்த நோயாளியின் உயிருக்கே கேடாகும் எனச் சரகர் எச்சரிப்பதும் நோக்கத்தக்கது.

இன்றைய எச்சரிக்கை

ஆயுர்வேதத்தை நாடும் நோயாளி, உட்கொண்டுவரும் ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென நிறுத்தின், சீழ்க்கொப்புளங்களுடன் நோய் கடுமையாக வெடிக்கக்கூடும். பாதரசம், பாஷாணம் சேர்ந்த மருந்துகள் உரிய தூய்மையும் அளவும் இன்றிக் கொடுக்கப்படின் சிறுநீரகம் முதலிய உறுப்புகள் பாதிப்புறும். மூட்டுவலி தோன்றின் அதனைத் தனியே ஆராய்தல் வேண்டும்; சொரியாசிஸ் மூட்டுகளையும் தாக்கவல்லது.

முடிவுரை

படிப்படியான சிகிச்சை, உணவு ஒழுங்கு, நெடுங்காலக் கண்காணிப்பு ஆகியனவே மூல நூல்களின் சாரம். ஒரே மருந்தில் நிலையாகத் தீரும் என்னும் விளம்பரக் கூற்றுக்கு இந்நெறியில் இடமில்லை. மருத்துவ நூல்களைத் தமிழாக்குவோர் ‘குஷ்டம்’ என்பதை இடமறிந்து ‘தோல்நோய் வகை’ என விளக்குதல், நோயாளியின் மதிப்பையும் காப்பதாகும்.