பாடவும் உரிமை, பாடாமல் நிற்கவும் உரிமை



நம் குழுக்களில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோரும் இருக்கிறோம். சேமிப்புக்கும் கடனுக்கும் மதம் கிடையாது. ஆனால் கூட்டம் தொடங்கும்போது பாடும் கடவுள் வாழ்த்தில் மட்டும் சில இடங்களில் மனக்கசப்பு வருகிறது. "எல்லாரும் பாடுறப்ப அவ மட்டும் ஏன் வாயை மூடிக்கிட்டு நிக்கிறா?" என்று கேட்கிறார்கள். இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது?

கேரளாவில் நடந்த வழக்கு

1985ஆம் ஆண்டு கேரளாவில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஆனால் பாட மாட்டார்கள். அது அவர்கள் மத நம்பிக்கை. உயர் நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் போனார்கள். பிள்ளைகளை நீக்கியது தவறு, திரும்பச் சேர்க்க வேண்டும் என்று 1986 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பு வந்தது.

நீதிமன்றம் சொன்ன காரணங்கள்:

1. அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு பேச்சுரிமை தருகிறது. பேச உரிமை உள்ளவருக்குப் பேசாதிருக்கவும் உரிமை உண்டு.

2. 25ஆவது பிரிவு மனசாட்சி உரிமையும் மத உரிமையும் தருகிறது. ஒருவரின் நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்பது கேள்வி இல்லை. அவர் அதை உண்மையாக நம்புகிறாரா என்பதுதான் கேள்வி.

3. எழுந்து நின்றதே மரியாதைதான். பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எல்லை எது?

அடுத்தவர் மதத்தைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். ஆனால் புண்படுத்த வேண்டும் என்றே கெட்ட எண்ணத்தோடு இழிவாகப் பேசினால் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆவது பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

நம் குழுவில் என்ன செய்யலாம்?

நம் குழு அரசு அலுவலகம் இல்லை. ஆனாலும் இந்த நியாயம் நமக்கும் பொருந்தும்.

* பாட்டுக்குப் பதில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கலாம். அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்ளட்டும்.

* பாட்டு வேண்டும் என்றால் பாடுங்கள். பாடாதவரை வற்புறுத்த வேண்டாம். பாடாதவரும் பாடுகிறவரைக் கேலி செய்யக் கூடாது.

* பாடவில்லை என்பதற்காக அபராதம் போடுவது, கடன் வரிசையில் பின்னால் தள்ளுவது கூடவே கூடாது. கடனுக்குச் சேமிப்பையும், வருகையையும், திருப்பிச் செலுத்துவதையும் மட்டும் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டிப் பேசுங்கள். எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்து, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.