நடிகர் தேர்வும் நாவற் பொருளும்

முன்னர்க் கண்டு மகிழ்ந்த சரித்திரகாலப் படமொன்றை மீண்டுங் காண்போர் கதையின் முடிவை அறிந்தவராவர். ஆதலின், அவர்தங் கருத்துக் கதைப்போக்கை விட்டுக் கதைமாந்தரின் முகங்களிற் செல்லும். இப்பாத்திரத்துக்கு இந்நடிகர் பொருந்துவரோ என்னும் வினா அப்பொழுதே எழுகின்றது. இவ்வினாவைப் பொழுதுபோக்குப் பேச்சென ஒதுக்குவாரும் உளர். ஆயினும், நடிகர் தேர்வு நாவலின் பொருளையே மாற்றவல்லது என்பது ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் கதைகள் திரைக்கு வந்த வரலாற்றை நோக்குவார்க்குத் தெளிவாகும்.

ஒஸ்ரின் தம் மாந்தரின் முகத்தோற்றத்தை விரித்துரைப்பது அரிது. அவர்தம் வயதையோ பல இடங்களிலே திட்டமாகக் குறிப்பர். 1813ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ என்னும் நாவலிலே தலைவி எலிசபெத்துக்கு வயது 20. 1940ஆம் ஆண்டு ஹொலிவூட் படத்தில் அவளாக நடித்த கிறீர் கார்சனுக்கு அப்பொழுது வயது 35. 2005ஆம் ஆண்டுப் படத்தில் நடித்த கெய்ரா நைற்லியோ 20 வயதினர். 1995ஆம் ஆண்டில் பி.பி.சி. ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய தொடரில் நடித்த ஜெனிபர் ஈல் இவ்விருவர்க்கும் இடைப்பட்டவர். இம்மூவருள் யார் சிறந்தவர், தலைவன் டார்சியாக நடித்த லோரன்ஸ் ஒலிவியே, கொலின் பேர்த், மத்தியூ மக்பெடியன் ஆகியோருள் யார் பொருத்தமானவர் என்னும் வாதமே பெரிதுங் கேட்கப்படுவது. எனினும், நடிகர் தேர்வாற் பொருள் மாறுபடும் இடத்தைக் காணத் துணைப்பாத்திரங்களையே நோக்குதல் வேண்டும்.

எலிசபெத்தின் தந்தைக்கு ஆண் மகவு இல்லை. ஆண்டொன்றுக்கு 2,000 பவுண் வருவாய் தரும் அவருடைய நிலம் ஆண்வழி உறவினரான கொலின்ஸ் என்னும் மதகுருவையே சேரவேண்டியது. எலிசபெத் அவரை மணக்க மறுக்கின்றாள். அவள் தோழி சார்லற் சில நாளில் அவரை ஏற்கின்றாள். சார்லற்றுக்கு வயது 27, கொலின்சுக்கு 25. ஆனால், 1940இல் அவராக நடித்த மெல்வில் கூப்பர் 40 வயதைக் கடந்தவர். 1995இல் நடித்த டேவிட் பாம்பர் 40 வயதை ஒட்டியவர். 2005இல் நடித்த ரொம் ஹொலன்டரும் 35 வயதைக் கடந்தவரே. இவர்களுடைய நடிப்பு நகைச்சுவை மிக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும், திரையிற் காண்போர் முதிர்ந்தவொருவர்க்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணெனச் சார்லற்றுக்கு இரங்குவர். நாவல் காட்டுவது அதுவன்று. வயது, வருவாய், குடி என்னும் யாவும் பொருந்த, மனமொன்றே பொருந்தாத மணம் அது. ஊரார் நல்ல சம்பந்தமென்று போற்றத்தக்க அம்மணத்தைச் சீதனமற்ற பெண்ணொருத்தி அறிந்தே ஏற்கின்றாள். அவள் முன்னே நெடியதொரு வாழ்நாள் கிடக்கின்றது. நடிகர்க்கு வயது கூடுந்தோறும் இக்கூர்மை மழுங்குகின்றது.

1811ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிற்றி’ நாவலும் இதற்குச் சான்றாகும். கதைத் தொடக்கத்தில் 16 வயதினளான மரியான், 35 வயதினரான கேணல் பிராண்டனைக் காதலுக்குரிய பருவங் கடந்த கிழவரென்று கருதுகின்றாள். அதனைக் கேட்டு நகைக்குமாறு ஒஸ்ரின் வாசகரைத் தூண்டுகின்றார். அங் லீ இயக்கிய 1995ஆம் ஆண்டுப் படத்திலோ 49 வயதினரான அலன் றிக்மன் பிராண்டனாகவும், 19 வயதினரான கேற் வின்சிலற் மரியானாகவும் நடித்தனர். றிக்மனின் அடக்கமான நடிப்பு உள்ளத்தைக் கவர்வதே. எனினும், மரியானின் பேச்சு அங்கே பேதைமையாகத் தோன்றாது நியாயமாகத் தோன்றுகின்றது. இக்கதையைத் தழுவி ராஜீவ் மேனன் தமிழில் இயக்கிய ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) படத்திலும் மம்முட்டிக்கும் ஐஸ்வர்யா ராய்க்குமிடையே ஏறத்தாழ 22 ஆண்டு இடைவெளி உண்டு.

அங்ஙனமாயின் ஏட்டில் உள்ள வயதினரையே தேர்தல் வேண்டுமோ எனின், அதுவும் பொருந்தாது. அங் லீயின் அதே படத்திலே 19 வயதினளான எலினோராக நடித்த எம்மா தொம்சனுக்கு வயது 36. திரைக்கதையை எழுதி ஒஸ்கார் பரிசு பெற்றவரும் அவரே. தந்தையை இழந்த குடும்பத்தின் சுமையைத் தாங்கி, தன் துயரை வெளிக்காட்டாத மூத்த மகளின் பொறுமை அவர் முகத்தில் நன்கு விளங்குகின்றது. அங்கே வயது மாறினும், நிதானமுள்ள தமக்கை, உணர்ச்சிவயப்பட்ட தங்கை என்னும் உறவு மாறவில்லை.

ஆகவே, வயதெண் ஒன்றே அளவுகோலன்று. ஆசிரியர் எவரைக் கண்டு நகைக்க, எவர்க்காக இரங்க வாசகரை அழைத்தாரோ, அந்நகையும் இரக்கமும் இடம் மாறாது நிற்கின்றனவா என்பதே ஆராயத்தக்கது. இதனைத் தெளிய விரும்புவோர் படத்தை விடுத்து மூலநூலை மீண்டும் விரித்தல் வேண்டும். நடிகரைப் பற்றிய வாதம் மாணவரை அந்நூலிடத்தே சேர்க்குமாயின், அதனை வீண்வாதமென யாரும் இகழார்.