பழி பன்றி மேல், பல்தடம் வேறு

“இதெல்லாம் காட்டுப்பன்னி வேலைதானுங்க சார்” என்றார் அந்த விவசாயி. சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, எட்டு மாதப் பயிர். கடன் வாங்கி சூரிய மின்வேலி போட்ட பிறகும் ஓரச் செடிகளின் கிழங்கு காணாமல் போய்க்கொண்டிருந்தது. பன்றியைச் சுடக் கோரி வனத்துறைக்கு மனுவும் தயார்.

குழிகளைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. பன்றி மூக்கால் மண்ணைப் பரவலாகப் புரட்டிப் போடும். இங்கே செடியின் தூரை ஒட்டிக் குறுகலான குழி. மிச்சக் கிழங்கில் உளியால் செதுக்கியதுபோல் பல்தடம். வாயால் சொன்னால் எடுபடாது என்று தானியங்கி கேமரா ஒன்றை வேலியோரம் கட்டினோம்.

மூன்றாம் இரவு 1.40 மணிக்கு ஆள் சிக்கியது. கீழ்க்கம்பிக்கு அடியில் பறித்த பள்ளம் வழியாக இரண்டு முள்ளம்பன்றிகள்! பத்து இரவுகளில் காட்டுப்பன்றி ஒரே முறைதான் வந்தது; அதுவும் வேலிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பியது. மின்வேலி பன்றியைத் தடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தேவைப்பட்டதெல்லாம் வேலியடியில் கம்பிவலையை ஓரடி ஆழம் புதைப்பதுதான்.

புலிக் கணக்கெடுப்பில் பயன்படும் அதே வகைக் கேமராதான் இது. 2018 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் வைத்தார்கள். உடல் சூடுள்ள ஒன்று எதிரே நகர்ந்தால் உணர்கருவி அறிந்து படமெடுக்கும். இரவில் அகச்சிவப்பு ஒளி என்பதால் விலங்கு பெரும்பாலும் மிரளாது.

முழங்கால் உயரத்தில், வடக்கு அல்லது தெற்கு பார்த்துக் கட்டுங்கள். முதல்முறை நான் கிழக்கு பார்த்து வைத்துவிட்டு, வெயிலில் ஆடிய புல்லை நூற்றுக்கணக்கில் படமெடுத்து வந்தேன். எதிரே உள்ள புல்லை வெட்டிவிடுங்கள். தேதி, நேரத்தைச் சரியாக அமையுங்கள். வனத்துறையிடம் போகும்போது வாய்ச்சொல்லைவிட அந்தப் படம் பேசும். காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடுவதற்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு அனுமதி அளித்தது. நாமாகச் சுடக் கூடாது. முள்ளம்பன்றிக்கு அந்த அனுமதி பொருந்தாது.

கேமராவைச் சொந்த நிலத்தில் மட்டும் வையுங்கள். காட்டுக்குள் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். விறகுக்கும் ஒதுங்கவும் பெண்கள் போகும் தடத்தை நோக்கித் திருப்பாதீர்கள். வைத்திருப்பதை அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் அன்று சொல்ல மறந்தோம். இரண்டாம் நாளே ஒரு பாட்டி கேமரா முன்னால் நின்று, “யாருடா இதை இங்க கட்டுனது?” என்று கேட்டுவிட்டார்.